ஆயிரம் வாட்

காட்பாடி ரயில்வே பாலத்துக்கு இந்தப் பக்கம்
லாரி ஷெட்டு ஓரம் நிற்கிறது எங்கள் வேன்.
இன்வெர்ட்டர் ஆயிரம் வாட்.
அதற்குமேல் கேட்டால்
கீச்சென்று கத்திவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

கூலர் இருநூறு. சோத்துக் குக்கர் எழுநூறு.
ஃபிரிட்ஜ் வெறும் எண்பதுதான் என்பான் தணிகாசலம்;
கிளம்பும்போது ஐந்நூறு இழுக்கும் என்பதை
சொல்ல மாட்டான்.
எழுநூற்றைம்பது மிக்ஸி ஓட வேண்டுமென்றால்
இரண்டு பேரும் வியர்க்க வேண்டும்.

மே மாதம். வேலூர்.
ராத்திரி பத்துக்கும் தகரம் கொதிக்கிறது.

"சட்னி வேணுமா, காத்து வேணுமா?"
"இன்னா கேள்வி இது?
மொதல்ல சோறு வேவட்டும்."

குக்கர் தளதளக்கும் நேரம் பார்த்து
ஃபிரிட்ஜ் தானாக முனகி எழுந்தது.
கீச்.
இருட்டு.

அவன் டார்ச்சைத் தேட
நான் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தேன்.
நடுவில் இன்னும் அரிசி.
"மூடி வெய்யி, தன் சூட்டுலயே வெந்துடும்."

எதிர் ஷெட்டில் வெல்டிங் பொறி
அவன் முதுகை நீலமாக்கி அணைந்தது.
அங்கே எத்தனை வாட் என்று
கேட்டுவரச் சொன்னேன்.

அரைமணி கழித்து வந்தான்,
கிண்ணம் நிறைய வேர்க்கடலைச் சட்னியோடு.
வாட் கேட்க மறந்துவிட்டானாம்.