கடல்நீலம், இருநூறு கிலோ

இரவு பதினொன்று நாற்பது.
ராயபுரத்தில் இரண்டாம் மாடி.
ஹெல்காவுக்கு ஒரே ஒரு வரி எழுத வேண்டும்.
துணி என்னாச்சு என்று கேட்டிருக்கிறாள்.

வீ டை என்று அடித்தேன்.
அது எங்கள் பிழைப்பு.
இலக்கணப் புத்தகத்தில் சூரியன்
கிழக்கே உதிக்கிற மாதிரி
யாரும் கேட்கத் தேவையில்லாத சங்கதி.
அழித்தேன்.
வீ ஆர் டையிங்.
இந்த நிமிசம் ஆவி பறக்க
மெசினுக்குள் துணி புரண்டுகொண்டிருக்கிறது
என்று அர்த்தம்.
நடுவில் இருந்த ஈ பறந்துவிட்டிருந்தது.
செத்துக்கொண்டிருக்கிறோம் என்று நின்றது வாக்கியம்.
கம்ப்யூட்டர் ஒரு கோடுகூடப் போடவில்லை.
அதற்கு அதில் பிழை தெரியவில்லை.

சாயப்பட்டறைக்குப் போன் போட்டேன்.
"ஓடுதுங்களா மாஸ்டர்?"
"ஓடுதுங்க" என்றார் சென்னியப்பன்.

நம்ம பேச்சில் இது ஒரு வசதி.
ஓடுது என்றால் இப்போதும் ஓடுது,
என்றைக்கும் ஓடுது,
கரண்ட் வந்ததும் ஓடுது.
நொய்யல்கூட ஓடுகிறது
ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில்.
காலையில் ஈஸ்வரன் கோயில் பாலத்தில்
வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தேன்.
ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

"அதில்லீங்க மாஸ்டர்,
இப்ப ஓடிட்டு இருக்குதுங்களா?"
"இப்பன்னா...
ஏத்திட்டே இருக்கறமுங்க."

இந்த ஊரின் 'இருக்கறமுங்க' எனக்குத் தெரியும்.
வந்துட்டே இருக்கறனுங் என்பவன்
இன்னும் குளிக்கவில்லை.
புஷ்பா தியேட்டர் தாண்டிட்டனுங் என்றால்
சோப்புப் போட்டுவிட்டான்.

நான் மட்டும் என்ன.
போன வாரம் தமயந்தியின் பள்ளிப் படிவத்தில்
அப்பா எங்கே என்ற கட்டத்துக்கு
ஹீ இஸ் லிவிங் இன் ஷார்ஜா என்று எழுதினேன்.
அந்த இங் இருந்தால்
தற்காலிகம் என்று பொருள்,
டிக்கெட் எடுத்துத் திரும்பி வருவான் என்று பொருள்.
அவள் பென்சிலால் அடித்து
லிவ்ஸ் என்று திருத்திக் கொடுத்தாள்.
"ஆறு வருசமா அங்கயேதான இருக்கறாரு,
இங் வராதும்மா. மிஸ் சொன்னாங்க."
மதிப்பெண் போட யாருமில்லாத
சரியான விடை.
படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

நேரம் பன்னிரண்டு ஐந்து.
மாஸ்டர் இதற்குமேல் போனை எடுக்க மாட்டார்.
இருப்பதில் பொய்யில்லாத வரி ஒன்றுதான் தேறியது.
துணி காத்துக்கொண்டிருக்கிறது.
அதை இங்கிலீசாக்கி
இங் போட்டு
ஈ இருக்கிறதா என்று வேறு பார்த்து
அனுப்பினேன்.

உடனே வந்தது ஹாம்பர்க்கிலிருந்து:
ஓகே. ஐ வெயிட்.

இங் இல்லை.
அவள் வீட்டுப் பேச்சிலும்
காத்திருப்பதற்கு ஒரே வார்த்தைதான் போல,
இன்றைக்கும் என்றைக்கும் சேர்த்து.
ரொம்ப நேரம் அதைத் திருத்தாமல் பார்த்திருந்தேன்.

எதிர் பில்டிங்கில் ஓர் ஓவர்லாக் மெசின்
தைத்தது.
நின்றது.
தைத்தது.