கயிறு சீனி

இரவு ஒன்பதரைக்கு
பெரியபட்டினம் ஐஸ் கம்பெனி மாடியில் கமிட்டி.
பேச்சு ஒன்றுதான்:
சீனி இபுராகிமுக்குச் சம்பளம் ஏற்றலாமா,
ஃப்ளெக்சில் அவர் படம் எவ்வளவு பெரிசு.

நான் ஸ்கோர் நோட்டு எழுதுகிறவன்.
பதினொரு வருசமாக
கோல் விழுந்த நிமிசமும் அடித்தவன் பெயரும்
என் கையெழுத்தில்தான் கிடக்கின்றன.
அதனால் என்னையும் கூப்பிட்டார்கள்.

முன்னால் ஓடுகிறவர்களுக்கு
சீனி ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.
பின்னால் நிற்கிற நாலு பேர்தான் அவர் பாடு.
வந்த முதல் வாரம்
கரைவலையின் பழங்கயிறு வாங்கி
நாலு இடுப்பையும் சேர்த்துக் கட்டினார்.
ஒருவன் நகர்ந்தால் மூவரும் இழுபடவேண்டும்.
உவர்மண்ணில் முட்டி சிராய்த்து
களஞ்சியம் கெட்ட வார்த்தை சொன்னான்.
ஊர் சிரித்தது.
அந்த வருசம் ஒன்பது ஆட்டத்தில் மூன்றே கோல் வாங்கினோம்.
ஊர் சிரிப்பை விழுங்கிவிட்டு
பட்டம் கொடுத்தது: கயிறு சீனி.

அந்த மூன்றைப் பற்றி என் நோட்டு வேறு சொல்லும்.
தொண்டியின் இடதுகால்காரன்
அந்த மே மாதம்தான் குவைத்துக்குப் போனான்.
கீழக்கரை, வேதாளையிடம் தோற்று
நம் பக்கமே வரவில்லை.
அரையிறுதியில்
இடைவேளைக்குக் கிளம்பிய கச்சான்
அவர்கள் உதைத்த பந்தையெல்லாம்
அவர்கள் காலுக்கே திருப்பிக் கொடுத்தது.
காற்றுக்கு நாம் சம்பளம் பேசினோமா?

அப்புறம் கோலி, மண்டபத்து இன்னாசி.
விடிய விடிய விசைப்படகில் கிடந்துவிட்டு
கண் சிவக்க வந்து நிற்பான்.
அந்த வருசம் அவன் பிடித்தது நாற்பத்தோரு பந்து.
நான் மட்டுமே எண்ணினேன்.
அவனைக் கயிற்றில் கட்டவுமில்லை,
ஃப்ளெக்சில் போடவுமில்லை.

அடுத்த வருசம் ரவூப் துபாய் போனான்.
பதினாலு கோல்.
கயிறு அதே கயிறு, முடிச்சும் அதே முடிச்சு,
இடுப்புதான் வேறு.

இதையெல்லாம் சொல்லத்தான் படியேறினேன்.
பாதிப் படியில்
போன ஞாயிற்றுக்கிழமை வந்து காலைப் பிடித்தது.

தேவிபட்டினத்தோடு ஆட்டம், அறுபத்தாறாம் நிமிசம்.
இடது ஓரத்தில் களஞ்சியம் வழுக்கி விழுந்தான்.
யாரும் கத்தவில்லை.
மற்ற மூவரும், அதில் இரண்டு பேர் புதுப் பையன்கள்,
அவனைப் பார்க்கக்கூட இல்லை,
இரண்டு எட்டு இடப்பக்கம் நகர்ந்தார்கள்.
பந்தோடு வந்தவன் நின்றான்.
வழி தேடினான்.
பந்தைப் பின்னால் தட்டிவிட்டான்.
அவ்வளவுதான்.
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
சீனியும் அங்கே இல்லை,
அசர் தொழப் போயிருந்தார்.

"சொல்லுங்க" என்றார் பொருளாளர்.
ஆயிரம் ஏற்றலாம், பட்டம் வேண்டாம் என்றேன்.
"தடுப்பரண் தந்தை"
காலையிலேயே பிரிண்டுக்குப் போய்விட்டதாம்.

இறங்கி வந்தால்
மீன் பெட்டிமேல் உட்கார்ந்து
நனைந்த கயிற்றில் முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருந்தார் சீனி.
மேலே என்ன முடிவு என்று கேட்கவில்லை.
"முதல் வருசம் இன்னாசி எத்தனை புடிச்சான்,
நோட்டுல இருக்கா?"
நாற்பத்தொண்ணு என்றேன்.
"நாப்பத்து மூணு" என்றார்,
பல்லால் முடிச்சைக் கடித்தபடி.

வீட்டுக்கு வந்து
பழைய நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.
மணி ஒன்றாகிறது.
அந்த இரண்டு பந்து
எந்த ஆட்டத்தில் என்று தெரியவில்லை.