நிறுவை மேடை

ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலை வாசலில்
பதினேழு வருடமாய் எடை போடுகிறேன்.
குலையோடு வரும் லோரி ஒரு தரம்,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு தரம்.
முதல் எண்ணில் இரண்டாம் எண் போக
மிச்சம்தான் சரக்கு. மிச்சத்துக்குத்தான் காசு.
அடியில் ஈரமணல் போட்டு வருபவனை
டயர் அமுங்கும் விதத்திலேயே பிடித்துவிடுவேன்.
என் கண்ணுக்குத் தப்பியது ஒன்றுதான்.

கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால்
பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்த வேலை.
காலையில் பசியாற ரொட்டி சானாய் இரண்டு.
பத்து மணிக்கு யாராவது ஒரு டிரைவர்
பையில் கட்டிக் கொண்டுவரும் தே தாரிக்,
மூன்று மணிக்கு இன்னொருவன்.
வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள்.
நானும் சொன்னதில்லை.

கிளினிக்கில் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தத் தராசு.
சளிக்குப் போனாலும் ஏறு,
காதுவலிக்குப் போனாலும் ஏறு.
ஒரு முறை தாதி எண்ணைச் சத்தமாய்ப் படித்தாள்;
வரிசையில் இருந்த உரக்கடைக்காரன்
திரும்பிப் பார்த்தான்.
அதற்கப்புறம் போகவில்லை.
ஐந்து வருடம்.
மார்பகப் பரிசோதனை இலவசம் என்று
கோயில் மண்டபத்தில் ஒட்டியிருந்த தாளை
முழுக்கப் படித்துவிட்டு
உண்டியலில் ஒரு வெள்ளி போட்டுவிட்டு வந்தேன்.
அங்கேயும் தராசு இருக்கும்.

குளிக்கும்போது இடப்பக்கம்
புளியங்கொட்டை அளவில் ஒன்று தட்டியது.
இவ்வளவு உடம்பில் ஒரு கொட்டை
எனக்கென்ன கணக்கு.
அது எலுமிச்சை ஆனபோதுதான்
மகள் சுகுணமாலா கையைப் பிடித்து இழுத்து
தெலுக் இந்தான் பஸ் ஏற்றினாள்.

டாக்டர் சியூ, குண்டு என்று சொல்லவில்லை.
தாளில் படம் போட்டாள்.
மாதவிலக்கு நின்றதும்
சூலகம் கடையை அடைத்துவிடுகிறதாம்;
கொழுப்பு மட்டும் பின்கதவைத் திறந்துவைத்து
அதே சரக்கை விற்றுக்கொண்டிருக்கிறதாம்.
ஈஸ்ட்ரஜன்.
சில கட்டிகள் அதைத் தின்று வளருமாம்.
"அப்போ நான் தின்னதுதான் காரணமா?"
பேனாவை மூடினாள்.
"வாய்ப்பைக் கூட்டும் அம்மா.
உங்களுக்கு எதனால் வந்தது என்று
யாராலும் சொல்ல முடியாது."
கூட்டும் என்றால் எவ்வளவு?
எண்ணோடு வாழ்பவள், கேட்கத் தோன்றியது.
கேட்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் பாகான் டத்தோ அன்னபூரணம்,
நாற்பத்தொரு கிலோ, எலும்பும் சேலையும்.
அவளுக்கும் அதே நோய், அதே பக்கம்.
அவளைப் பார்க்க வந்தவர்கள்
விதி, பாவம் என்றார்கள்.
என்னைப் பார்க்க வந்தவர்கள்
ஓட்ஸ் கொண்டுவந்தார்கள்.
இரவில் அவளும் நானும்
அந்த ஓட்ஸில் ஒரு டின் பால் ஊற்றித் தின்றோம்.
சிரித்ததில் அவள் தையல் வலித்தது.

எடுத்ததன் எடை அறிக்கையில் இருந்தது:
தொள்ளாயிரத்து இருபது கிராம்.
இரண்டு முறை படித்தேன்.
ஒரு நல்ல குலையில் உதிரும் பழம்கூட
அதைவிட அதிகம் வரும்.

வேலைக்குத் திரும்பிய முதல் இரவு.
லோரி இல்லாத நேரம்.
செருப்பைக் கழற்றிவிட்டு
அறுபது டன் தாங்கும் இரும்பின் நடுவில்
போய் நின்றேன்.
மழை விட்டிருந்தது, பாதம் ஜில்லென்றது.
டிரைவர்களுக்காக வெளியே தொங்கும் பலகையில்
சிவப்பாய்: 90.

போன வருடமும் ஒரு ராத்திரி
யாரும் பார்க்காமல் இப்படி நின்றிருக்கிறேன்.
அன்றைக்கும் தொண்ணூறு.
இந்த மேடைக்குப் பத்துப் பத்தாய்த்தான் எண்ணத் தெரியும்.
முடி போனது, மார்பு போனது,
சோறு இறங்காமல் கிடந்த வாரங்கள்,
எதுவும் அதற்கு எட்டவில்லை.

புதன்கிழமை கிளினிக்.
ஏறு என்பாள். ஏறுவேன்.
சத்தமாய்ப் படித்தாலும் படிக்கட்டும்.

முடக்கில் வெளிச்சம். ஹாரன்.
ஓடி வந்து சன்னலைத் திறந்தால்
ஜைனுடின் பையை நீட்டுகிறான்:
"தே ஓ கோசோங், கக்கா. சீனியே இல்லை."
யார் சொன்னார்கள் இவனிடம்?
ஒரு வாய் குடித்தேன். கசப்பு.
"லோரியை இன்னும் கொஞ்சம் முன்னால் எடு," என்றேன்,
"பின் டயர் மேடைக்கு வெளியே நிற்குது."