பக்கம் 291

எங்கள் கிளையில் புத்தகத் திருடர்களுக்கு
ரசனை உண்டு.
பரிசு வாங்கிய நாவல்கள்
வந்த நாள் பளபளப்போடு அப்படியே நிற்கின்றன.
தொலைவதெல்லாம்
அட்டையில் ஒரு பெண், ஒரு கறுப்புக் கார்,
தூரத்தில் போலீஸ் விளக்கின் நீலம்,
இவை உள்ளவைதான்.

க்ளீவ்லாந்து, கிழக்குப் பக்கம்.
ஏரிக்காற்று கதவிடுக்கில் விசிலடிக்கும் ஜனவரி.
மூன்று மணிக்குப் பள்ளி விட்டால்
பத்தாம் எண் பேருந்து அவர்களைக் கொண்டுவந்து கொட்டும்.
ஈரக் காலணி. சிப்ஸ் தூள் ஒட்டிய விரல்.
ஒரு சார்ஜருக்கு நான்கு பேர் சண்டை.

கவுண்டரில் தாடையை வைத்துக்கொண்டு
ஜமெக்கியா கேட்பாள்:
"அந்த மாதிரி புக் வந்துச்சா?"
எந்த மாதிரி என்று நான் கேட்டதில்லை.
கால் பக்கத்து இழுவறையில்,
யாரோ விட்டுப்போன குடைகளுக்கும்
ஒற்றைக் கையுறைகளுக்கும் நடுவே
அவற்றை வைத்திருக்கிறேன்.
அலமாரியில் வைத்தால் ஒரு நாள் தாங்காது.
ஒளித்தும் வைக்கிறேன், இரவலும் கொடுக்கிறேன்.
இதற்கு நூலக அறிவியலில் என்ன பெயரோ.

நவம்பரில் மிசஸ் கோப் வந்தார்,
தேவாலயத் தொப்பியோடு, மகளின் பையில் சிக்கிய புத்தகத்தோடு.
மஞ்சள் மார்க்கரால் கோடு கோடாய்.
"இருநூற்றுப் பன்னிரண்டு கெட்ட வார்த்தை.
நானே எண்ணினேன்."
புகார்ப் படிவத்தை நீட்டினேன்.
பொறுமையாக நிரப்பினார்.
'முழுவதும் படித்தீர்களா' என்ற கட்டத்தில்
ஆம் என்று அழுத்தி டிக் போட்டார்.
கையுறை மாட்டும்போது குரலைத் தணித்து,
"அந்தப் பொண்ணு சேபிள்...
ரெண்டாம் பாகத்துலயாவது தப்பிக்கிறாளா?"
இழுவறையைத் திறந்தேன்.
படிவம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

சேபிளின் கதையை எழுதியவர்
சிறையில் பென்சிலால் தொடங்கினாராம்,
கார் டிக்கியிலிருந்து விற்றாராம்,
பின்னட்டை சொல்கிறது.
பக்கம் 288-இல் அவளைச் சுட்டுவிடுகிறார்கள்,
சலவைக் கடை வாசலில், மழையில்.
இந்த ஊரில் அது கற்பனை என்று
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை,
உண்மை என்றும்தான்.

பிப்ரவரியில் ஒரு காலை
திரும்பப் போடும் பெட்டிக்குள்
பனி படிந்து கிடந்தது அது,
'தொலைந்தது' என்று நான் மூன்று வருடம் முன் எழுதிய பிரதி.
கடைசித் தாள் கிழிக்கப்பட்டிருந்தது.
அந்த இடத்தில்
கோடு போட்ட நோட்டுத் தாள், செலோ டேப்பில்.
ஊதா மை. இரண்டு இடத்தில் அடித்தல்.
அதில் சேபிள்
சில்லறை போதாமல் துணியை ஈரமாகவே அள்ளிக்கொண்டு
பின்வாசல் வழியே கிளம்புகிறாள்.
அவ்வளவுதான்.
முன்வாசலில் கார் வந்து நிற்கிறது, காத்திருக்கிறது, போய்விடுகிறது.
அவள் வீட்டுக்குப் போய்
கதவுகளின் மேல், நாற்காலிகளின் மேல்
ஜீன்ஸ்களைக் காயப்போடுகிறாள்.
மூன்று பக்கம் முழுக்கத் துணி காய்கிறது.

சேதமான நூல்களைக் கழித்துவிட வேண்டும்.
விதி அச்சாகிச் சுவரில் தொங்குகிறது.
நான் நல்ல டேப் எடுத்து ஓரங்களை ஒட்டினேன்.
கணினியில் பக்க எண்ணிக்கையைத் திருத்தினேன்:
288 அல்ல, 291.

கையெழுத்து யாருடையது என்று
தேடிப் பார்க்கவில்லை.
ஊதா மைப் பேனா
அந்த மேசையில் ஆறு பேரிடம் இருக்கிறது,
டெவொன்ட்டேயையும் சேர்த்து.

இரண்டு வாரம் கைமாறிக்கொண்டே இருந்தது.
பிறகு, எதிர்பார்த்ததுதான், தொலைந்தது.
புதுப் பிரதி வரவழைத்தேன்.
மடிப்பு விழாத அட்டை, கடையின் வாசம்.

மறுநாளே ஜமெக்கியா கொண்டுவந்து
கவுண்டரில் தொப்பென்று போட்டாள்.
"இது வேணாம்.
இதுல முடிவைத் தப்பா அடிச்சிருக்காங்க."