குபுக்

கிளைபேடாவில் அந்தக் குளிர்காலம்
ஐந்தாம் மாடிப் பால்கனியில் ஒரு பக்கெட் வைத்தேன்.
பகலெல்லாம் பிறர் வாய்க்குப் பல் செய்கிற கை இது.
அரை மில்லிமீட்டர் பிசகினால் அன்றிரவு தூங்காது.
வறுத்த பார்லியை மட்டும்
ஏனோ கண்ணளவில் அள்ளிப் போட்டது.

கொதிக்கையில் படிக்கட்டு முழுக்கக் கரிந்த ரொட்டி வாசம்.
மூன்றாம் மாடியில் யாரோ ஜன்னல்களைத் திறந்தார்கள்.
தார் நிறத்தில் ஆறியதும் ஈஸ்ட் தூவி
மூடியில் காற்றுப்பூட்டைச் செருகினேன்.
இரண்டு நாள் ஒன்றுமில்லை.
மூன்றாம் நாள் விடியலில்
குபுக்.

பக்கத்து வீட்டு வைடோடஸ்
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், இரவு வேலை.
அவர் கட்டில் என் பால்கனிச் சுவரை ஒட்டி.
காலுறையோடு வந்து கதவைத் தட்டினார்:
"உங்கள் வீட்டில் யாருக்கு விக்கல்?"
காட்டினேன். குனிந்து, கைக்கடிகாரம் பார்த்து எண்ணினார்.
பத்து விநாடிக்கு ஒன்று.
"கம்பளி போட்டு மூடுங்கள்."
"முடியாது. குளிரில் இருந்தால்தான் பீர் நன்றாக வரும்."
அதற்குப் பிறகு இரண்டு வாரம்
படிக்கட்டில் ஒரு தலையசைப்புகூட இல்லை.

பனிப்புயலில் கூடம் மூடியிருந்த செவ்வாய், மதியம் இரண்டு மணி.
கதவு அதிர்ந்தது.
கன்னத்தில் தலையணைக் கோடு, கண்ணில் பாதித் தூக்கம்.
"நின்றுவிட்டது," என்றார்.
"காலையிலிருந்து ஒன்றுகூட இல்லை. விழிப்பு வந்துவிட்டது."

வெப்பமானியில் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு.
பக்கெட்டை இருவருமாய் அடுப்படிக்குத் தூக்கினோம்.
நாற்பது டன்னை அலட்சியமாய் இறக்குகிறவர்
"மெல்ல, மெல்ல" என்று எனக்குச் சொன்னார்.
பிறகு தரையில் உட்கார்ந்து
நாற்காலிக் காலில் தலை சாய்த்துத்
தூங்கியே போனார்.
ஆறரைக்கு அது ஒருமுறை பேசியது.
நான் எழுப்பவில்லை.

ஆகஸ்டில் முதல் புட்டி.
நுரை பழுப்பாய் எழுந்து அவசரமின்றி இறங்கியது.
விளக்கில் பிடித்தால் ஓரத்தில் மட்டும் செர்ரிச் சிவப்பு.
எனக்கு உலர்ந்த பிளம், கம்பு ரொட்டியின் கருகிய விளிம்பு,
அப்புறம் கடைவாயில்
அளக்காமல் போட்ட அந்த ஒரு பிடி.
அதை நான் வெளியே சொல்லவில்லை.
அவருக்கோ கயிறு.
"கயிறா?"
"தாரில் முக்கிய கயிறு.
நல்ல கயிறுதான்," என்று
இன்னும் ஊற்றிக்கொண்டார்.

இப்போது தூக்கம் எப்படி என்றேன்.
குவளையின் அடியை வெகுநேரம் பார்த்தார்.
"சுவர் சும்மா இருக்கிறது," என்றார்.
"அடுத்தது எப்போது?"

அக்டோபர் என்றேன்.
தராசை எடுத்து மேசையில் வைத்தேன்,
பிறகு திரும்ப அலமாரியில்.