மழை நாள் சைட் விசிட்

எல்லாரும் மாசியில்தான் காட்டுவார்கள் நிலத்தை.
காய்ந்த மண்ணுக்கு வாய் கிடையாது,
சொன்னதற்கெல்லாம் தலையாட்டும்.
வெள்ளையடித்த கல், நாலு கலர் கொடி,
ஷாமியானா, வெஜிடபிள் பிரியாணி,
குலுக்கலில் ஒரு கிராம் தங்கம்.
பதினோரு வருஷம் அப்படித்தான் விற்றேன்,
தொண்டை கட்டக் கட்ட விற்றேன்.

தில்லைக்கரசி மேடம்
ஐப்பசி வரைக்கும் காத்திருந்தார்.
கன்னங்குறிச்சி தாண்டி மூன்றரை ஏக்கர்,
அறுபத்திரண்டு மனைக்கும் அப்ரூவல் பீரோவில்,
வட்டி மட்டும் வெளியே ஓடிக்கொண்டிருந்தது.
காலையில் ஆபீஸ் ஜன்னலைத் திறந்ததும்
சேர்வராயன் மலையின் உச்சியைப் பார்ப்பார்.
பங்குதாரர் கிருபாகரன் கோவையிலிருந்து போன் போடுவார்:
"மார்க்கெட்டைப் பாருங்கன்னா
மேகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க."

ஒரு சனிக்கிழமை ராத்திரி மலை தெரியவில்லை.
விடிகாலை நாலே முக்காலுக்குப் போன்.
"சாதிக்கை வண்டி எடுக்கச் சொல்லுங்க.
லிஸ்ட்ல இருக்க எல்லாரையும் கூப்பிடுங்க.
குடை நாம குடுக்கலாம்."

முப்பத்தி நாலு குடும்பத்தைக் கூப்பிட்டேன்.
ஒன்பது வந்தது.
வேனுக்குள் தட்டுவடை செட் நமத்துக் கிடந்தது,
யாரும் தொடவில்லை.

மேடம் முன்னால் நடந்தார்.
முழங்காலுக்குச் சுருட்டிய சுடிதார்,
கையில் லேஅவுட் படம்,
அவர் தலைக்கு மேல் நான் பிடித்த குடை.
அப்போது மலையிலிருந்து தண்ணீர் வந்தது,
யாரிடமும் வழி கேட்காமல்.
முப்பது வருஷ வில்லங்கத்தில் அதன் பெயர் இல்லை,
புலப்படத்தில் கோடு இல்லை,
பட்டா இல்லை, சிட்டா இல்லை.
வெளியூர் போய்த் திரும்பிய வீட்டுக்காரர் மாதிரி
செருப்பைக் கூடக் கழற்றாமல்
முப்பத்தொன்பதில் நுழைந்தது.
நாற்பத்து மூன்றின் ஈசான்ய மூலையில்
கொஞ்சம் நின்று சுழன்றது.
நாற்பத்தைந்து வழியாக வெளியேறி
ரோட்டையும் எடுத்துக்கொண்டு போனது.

சிவப்புப் பென்சில் ஈரத்தாளில் சரியாக ஓடாது.
அழுத்தி, ஏழு மனைக்குக் குறுக்கே கோடு போட்டார்.
நாற்பத்து மூன்றில் தாளே கிழிந்தது.
"இது விக்கிறதுக்கு இல்லைங்க. அது போற வழி."

ஸ்டீல் பிளான்ட்டில் வேலை பார்ப்பவர் ஒருவர் கேட்டார்:
"அப்ப மத்த மனை விலை ஏறுங்களா?"
"ஏறும். சதுர அடிக்கு நூத்திப் பத்து.
எது நனையலைன்னு
இப்ப நீங்களே பாத்துட்டீங்க இல்ல."
அப்படி ஏற்றியும் ஏழின் நஷ்டம் முழுசாக அடையாது;
அந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்.
நாலு குடும்பம் பேசாமல் வேனில் ஏறிக்கொண்டது.
இரண்டு பேர் அங்கேயே டோக்கன் கொடுத்தார்கள்,
நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

சாயங்காலம் கிருபாகரன் கத்தினார்:
ஒரு கோடிக்கு மேலே, ஒரு பென்சிலில்.
மறுவாரம் அவரே
இதற்கு ஸ்டைலாக ஒரு பெயர் வைத்து
பேனர் அடிக்கலாமா என்றார்.
மேடம் பதில் சொல்லவில்லை.
கல் பிடுங்க ஆள் வந்திருந்தது,
கூலி பேசிக்கொண்டிருந்தார்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன்.
நாற்பத்து மூன்று என்னுடையது.
சித்திரையில், அம்சவேணி பெயரில்,
சீட்டுப் பணம் ஐம்பதாயிரம் டோக்கன்.
ஊருக்கெல்லாம் மனை பார்த்துக் கொடுப்பவன்
எனக்கென்று பார்த்தது.
சமையலறை ஜன்னலில் மலை தெரியும் என்று
தாளில் வரைந்தும் காட்டியிருந்தேன்.
புக்கிங் ரிஜிஸ்டரைப் பார்க்காமல்தான் கோடு போட்டார்.
பார்த்திருந்தாலும் போட்டிருப்பார்.

திங்கட்கிழமை என் மேஜையில் ஒரு கவர்.
ஐம்பதாயிரம், ஒரு ரசீது,
கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி.
வேறு மனை தருகிறேன் என்றில்லை,
மன்னிப்பு என்றும் இல்லை.
அந்த வாரம் நான் ஐந்து மனை விற்றேன்,
குரல் உயர்த்தாமல்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
நேற்று ராத்திரி மழை பிடித்துக்கொண்டது.
அம்சவேணி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டாள்:
"நம்ம இடத்துல இந்நேரம் எப்படி இருக்கும்?"

"ஓடிக்கிட்டிருக்கும்" என்றேன்.