ஏ இருந்த இடத்தில் ஈ

மேவிலில், படையாச்சி கடைச் சுவரில்
ஸ்டேஷனரி என்று ஆங்கிலத்தில் எழுதியது நான்தான்.
எழுத்துக்கு மூன்று பென்னி. நீலம் அவர் வாங்கித் தந்தது.

எதிர்ப் பள்ளி மிஸ் நாயக்கர் நின்று வாசித்துவிட்டுச் சிரித்தாள்:
"கடைசியிலிருந்து மூணாவது எழுத்து.
ஈ போட்டால் காகிதம், பேனா, மசி.
ஏ போட்டால்
நகராதது."

"காதுக்கு ரெண்டும் ஒண்ணுதானே" என்றார் படையாச்சி.
"நோட்டு வாங்க வர்ற பையன் சுவரையா வாங்கப் போறான்?"

ஏழு வருஷம் ஏ இருந்தது.

பிறகு பழுப்பு உறையில் ஒரு கடிதம்.
இந்த வட்டாரம் இனி வெள்ளையருக்கு,
நீ சாட்ஸ்வொர்த்துக்கு நகர்.

கடைசிச் சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றார்,
கையில் இரண்டு ரேண்ட்.
"அந்த எழுத்தைத் திருத்திடு."
நாளைக்கு இடிக்கிற சுவர், அண்ணே.
"இடிக்கட்டும். தப்போட இடிக்கக் கூடாது."

ஏணி வைத்துச் சுரண்டினேன்.
பழைய ஏவின் ஒரு கால் மட்டும் போகவே இல்லை,
அதன் மேலேயே எழுதினேன்.

ஈரம் காயுமுன் ஓர் ஈ வந்து ஒட்டிக்கொண்டது.
சிறகு அடித்தது, நகர முடியவில்லை.
எடுத்து விடவா என்று கீழே பார்த்துக் கேட்டேன்.
லாரியில் அவர்
பென்சில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.